தண்டர்பேர்டில் மின்னஞ்சல்: விட்டு விட்டு வரும் இணைப்புக்கு ஏற்றபடி அமைப்பது

நிலாவெளியில் ஒரு விருந்தினர் விடுதிக்கு மே முதல் செப்டெம்பர் வரை நாளுக்கு இருபது முப்பது அஞ்சல் வரும். அறை விசாரணை, புறாமலைப் படகு, விமான நிலைய வாகனம், பணம் கட்டிய பற்றுச்சீட்டு என்று எல்லாம் கலந்து கிடக்கும். போன் சிம்மின் டேட்டாவை லப்டொப்புக்குக் கொடுத்து உலாவியில் ஜிமெயிலைத் திறந்தால், ஒரு பழைய கடிதத்தைத் தேட வேண்டுமென்றாலும் இணைப்பு வேண்டும். மாரி மழையில் லைன் அறுந்தால் நேற்று வந்த முன்பதிவுகூடக் கைக்கு எட்டாது. மின்னஞ்சல் மென்பொருள் ஒன்றை நிறுவினால் அஞ்சலின் பிரதி கணினியிலேயே இருக்கும். இணைப்பு இல்லாத நேரத்திலும் வாசிக்கலாம், தேடலாம், பதில் எழுதி வைக்கலாம்.

தண்டர்பேர்ட் அதற்கு நல்ல தேர்வு. இலவசம், திறந்த மூலம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இதன் 1.0 பதிப்பு 2004 டிசம்பரில், ஃபயர்ஃபொக்ஸ் உலாவியைத் தரும் மொசில்லாவிலிருந்து வந்தது. இப்போது மொசில்லா அமைப்பின் துணை நிறுவனம் ஒன்று பயனர்களின் நன்கொடையில் நடத்துகிறது. ஆனால் நிறுவிவிட்டு "நெக்ஸ்ட், நெக்ஸ்ட்" என்று அமர்த்திக்கொண்டு போனால், முதல் நாளே மாத டேட்டாவில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஆகவே கீழே அதிக இடம் கொடுத்திருப்பது முதல் அரை மணி நேர அமைப்புக்குத்தான்.

மெனுப் பெயர்கள் திரையில் ஆங்கிலத்தில் தெரியும். அவற்றின் ஒலியை மேற்கோள் குறிக்குள் தந்திருக்கிறோம். விண்டோஸில் "ஃபைல்", "டூல்ஸ்" மெனுக்கள் காணவில்லை என்றால் விசைப்பலகையில் ஓல்ட் விசையை ஒருதரம் தட்டுங்கள்.

எந்தப் பதிப்பு

தண்டர்பேர்ட் டொட் நெட் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். "இலவச சொஃப்ட்வெயார்" தளங்கள் அதே நிறுவியோடு வேறு குப்பைகளையும் கட்டி அனுப்புவதுண்டு. 2025 மார்ச் முதல் அந்தத் தளத்தில் இயல்பாகக் கிடைப்பது மாதந்தோறும் புதுப்பிக்கப்படும் பதிப்பு. அலுவலகக் கணினிக்கு "ஈஎஸ்ஆர்" என்று குறித்திருப்பதை எடுங்கள். அதில் பெரிய மாற்றம் ஆண்டுக்கு ஒருமுறைதான், இடையில் வருவது பாதுகாப்புத் திருத்தமும் பிழைத் திருத்தமும் மட்டும். டேட்டாவும் மிச்சம், மெனு இடம் மாறிய தலையிடியும் இல்லை.

கணினி விண்டோஸ் 7 அல்லது 8 ஆக இருந்தால் 115 ஆம் பதிப்புத்தான் கடைசி. அதற்குப் பிந்தியவை விண்டோஸ் 10 கேட்கும். விண்டோஸ் 7, 8 கணினிகள் இன்னும் பல பாடசாலை அலுவலகங்களில் ஓடுகின்றன. லினக்ஸ் வகையான உபுண்டு 24.04 இல் தண்டர்பேர்ட் "ஸ்னாப்" என்ற தனிப் பொதி வடிவில் வருகிறது. ஓட்டத்தில் வித்தியாசம் தெரியாது. ஆனால் அஞ்சல் சேமிக்கப்படும் இடம் வேறு, அது பின்னால் பிரதியெடுக்கும்போது வேண்டும்.

ஐமேப்பா, பொப்பா

அஞ்சலை எடுக்க ஐமேப், பொப் என்று இரண்டு முறை உண்டு. எது வேண்டும் என்ற கேள்வி கணக்குச் சேர்க்கும்போதே வரும். ஐமேப்பில் அஞ்சல் சேவையகத்தில், அதாவது அஞ்சல் சேவை தருபவரின் கணினியில் இருக்கும், கணினியில் இருப்பது அதன் நிழல். கணினியில் அழித்தால் போனிலும் அழியும், போனில் வாசித்தால் இங்கும் வாசித்ததாகக் காட்டும். பொப்பில் அஞ்சலைக் கணினி எடுத்துக்கொண்டு போய்விடும், அதன்பின் அதற்கு இந்தக் கணினிதான் வீடு.

போனிலும் அதே அஞ்சலைப் பார்ப்பவர் யோசிக்கவே வேண்டாம், ஐமேப். பொப் பொருந்துவது ஒரே ஓர் இடத்தில்: சொந்த டொமைனில் (உங்கள் பெயரில் பதிந்த இணைய முகவரியில்) அஞ்சல் வைத்திருக்கிறீர்கள், அதற்குச் சேவையகத்தில் இடம் தரும் ஹோஸ்டிங்காரர் பெட்டிக்கு 500 மெகாபைட்டோ 1 ஜிபியோதான் தந்திருக்கிறார், அது அடிக்கடி நிரம்புகிறது. அப்போதும் "லீவ் மெசேஜஸ் ஒன் சேர்வர்" என்பதைத் தெரிவு செய்து 14 நாள் என்று வையுங்கள். கணினி கெட்டாலும் இரண்டு கிழமை அஞ்சல் மேலே தப்பி நிற்கும். இரண்டு கணினிகளில் அந்தத் தெரிவு இல்லாமல் பொப் வைத்தால், காலை அஞ்சல் வரவேற்பு மேசைக் கணினியிலும் மாலை அஞ்சல் வீட்டுக் கணினியிலும் பிரிந்து கிடக்கும். திரும்பச் சேர்ப்பது பெரிய வேலை.

கணக்கைச் சேர்த்தல்

பெயர், முகவரி, கடவுச்சொல் மூன்றையும் கேட்கும். பெயர் என்ற இடத்தில் எழுதுவதுதான் பெறுபவரின் திரையில் தெரியும். வெளிநாட்டு விருந்தினருக்கு எழுதுபவர் அங்கே ஆங்கிலத்தில் எழுதுவது உசிதம்.

ஜிமெயில், அவுட்லுக் போன்றவற்றின் சேவையக விவரங்களைத் தண்டர்பேர்டே தேடி எடுக்கும். ஜிமெயிலுக்குக் கூகுளின் உள்நுழைவுச் சன்னல் தனியாகத் திறக்கும். கடவுச்சொல்லை அங்கேதான் கொடுக்க வேண்டும். ஓ-ஓத் 2 எனப்படும் இந்த முறையில் தண்டர்பேர்டுக்குக் கிடைப்பது கடவுச்சொல் அல்ல, ஓர் அனுமதிச் சீட்டு. மைக்ரோசொஃப்டும் 2024 செப்டெம்பர் 16 முதல் தனிப்பட்ட அவுட்லுக், ஹொட்மெயில் கணக்குகளுக்குப் பழைய கடவுச்சொல் முறையை நிறுத்திவிட்டது. பழைய வழிகாட்டிகளைப் பார்த்து "நோர்மல் பாஸ்வேர்ட்" என்று வைத்தவர்களுக்கு அன்றோடு அஞ்சல் நின்றது.

சொந்த டொமைன் என்றால் "மனுவல்" அமைப்புக்குப் போய் நீங்களே நிரப்ப வேண்டிவரலாம். உள்வரும் ஐமேப்புக்குப் போர்ட் எண் 993, பாதுகாப்பு (மறையாக்க முறை) எஸ்எஸ்எல்/டிஎல்எஸ். பொப் என்றால் 995. வெளிச்செல்லும் எஸ்எம்டிபிக்கு 465 உடன் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ், அல்லது 587 உடன் ஸ்டார்ட்-டிஎல்எஸ். இந்தச் சோடிகளை மாற்றிப் போடுவதுதான் ஆகப் பொதுவான பிழை. 465 இல் ஸ்டார்ட்-டிஎல்எஸ் வைத்தால் அனுப்பும் பட்டை பாதியில் நின்று, நீண்ட நேரம் காக்கவைத்துவிட்டுத் தோற்கும். பார்ப்பவர் லைன் சரியில்லை என்றே நினைப்பார். பயனர் பெயர் பெரும்பாலான ஹோஸ்டிங்கில் முழு மின்னஞ்சல் முகவரி, அதன் முற்பாதி மட்டும் அல்ல.

சேவையகத்தின் அடையாளத்தைக் காட்டும் சான்றிதழ் பொருந்தவில்லை என்று எச்சரிக்கை வந்தால் "எக்ஸெப்ஷன்" கொடுத்துத் தள்ளிவிடாதீர்கள். பல தடவை காரணம் எளிது. சேவையகத்தின் சான்றிதழ் ஹோஸ்டிங் நிறுவனத்தின் பெயரில் இருக்கும், நீங்கள் எழுதியது உங்கள் டொமைனின் பெயர். அவர்கள் தந்த சேவையகப் பெயரையே எழுதினால் எச்சரிக்கை போய்விடும்.

டேட்டாவைக் காக்கும் அமைப்பு

கணக்குச் சேர்ந்த கணத்திலேயே தண்டர்பேர்ட் பின்னணியில் இறக்கத் தொடங்கும். எனவே உடனே "ஃபைல்", "ஓஃப்லைன்", "வேர்க் ஓஃப்லைன்" என்பதை அழுத்துங்கள். சன்னலின் அடியில் இடது மூலையிலுள்ள சின்னத்தைச் சொடுக்கினாலும் அதேதான். பிறகு "அக்கவுண்ட் செட்டிங்ஸ்" திறந்து, உங்கள் கணக்கின் கீழ் "சின்க்ரனைசேஷன் அண்ட் ஸ்டோரேஜ்" பக்கத்துக்குப் போங்கள்.

அங்கே எல்லாக் கோப்புறைகளின் அஞ்சலையும் கணினியில் வை என்ற தெரிவு ஏற்கெனவே போட்டிருக்கும். அதை எடுக்க வேண்டாம். எடுத்தால் இணைப்பு இல்லாதபோது தலைப்பு மட்டும் தெரியும், திறந்தால் வெறுமை. அதன் கீழே, எல்லா அஞ்சலையும் ஒத்திசைப்பதற்குப் பதிலாக அண்மைய 90 நாள் என்று வையுங்கள். சீசன் முழுவதும் கையில் வேண்டும் என்றால் 180. இந்த வரையறை கடிதத்தின் உடலுக்கும் இணைப்புக்கும்தான். அனுப்பியவர், தலைப்பு, திகதி ஆகியவை கோப்புறையிலுள்ள எல்லா அஞ்சலுக்கும் இறங்கும். பத்து வருட ஜிமெயில் என்றால் அதற்கே கொஞ்சம் நேரம் பிடிக்கும், பயப்பட வேண்டாம்.

இன்னும் கீழே, இத்தனை கிலோபைட்டுக்கு மேற்பட்டதை இறக்காதே என்று ஒரு பெட்டி இருக்கும். 500 என்று கொடுங்கள். கடிதமும் சிறிய பிடிஎஃப் பற்றுச்சீட்டும் தானாக வரும், கலியாண வீட்டுப் படத் தொகுதி நீங்கள் திறக்கும்போது மட்டும் வரும். வரம்பில்லாத ஃபைபர் இணைப்பு வீட்டில் இருப்பவர் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

இனி முக்கியமானது. அதே பக்கத்தில் "அட்வான்ஸ்ட்" பொத்தானை அழுத்தினால் கோப்புறைப் பட்டியல் வரும். ஜிமெயிலில் "ஓல் மெயில்" என்று ஒன்று இருக்கும். நீங்கள் ஆக்கைவ் செய்ததும் லேபிள் போட்டதும் அனுப்பியதும் எல்லாம் அதற்குள் நிற்கின்றன. அதன் தெரிவை எடுத்துவிடுங்கள், "ஸ்பாம்", "இம்போர்டன்ட்" ஆகியவற்றையும் எடுங்கள். அவை பட்டியலிலேயே தெரியக்கூடாது என்றால், உலாவியில் ஜிமெயிலின் செட்டிங்ஸில் "லேபிள்ஸ்" பகுதிக்குப் போய், அந்தந்த லேபிளுக்கு எதிரே "ஷோ இன் ஐமேப்" என்பதை எடுத்தால் போதும். வேலை மிஞ்சி டேட்டாவும் தீர்ந்தவர்களில் அனேகர் இந்த ஒரு கோப்புறையால்தான் மாட்டிக்கொண்டவர்கள்.

அடுத்து "சேர்வர் செட்டிங்ஸ்". புதிய அஞ்சல் பார்க்கும் இடைவெளி இயல்பில் 10 நிமிடம், அப்படியே விடலாம். அங்கேயுள்ள "அட்வான்ஸ்ட்" பொத்தானுக்குள் ஒரே நேரத்தில் வைத்திருக்கும் இணைப்புகளின் எண்ணிக்கை 5 என்று இருக்கும். அதை 2 ஆக்குங்கள். சிக்னல் விட்டு விட்டு வரும்போது ஐந்து இணைப்பும் ஒவ்வொன்றாகத் தொங்கி நின்று, மென்பொருளே உறைந்தது போலத் தோன்றும். இரண்டென்றால் அறுந்தாலும் விரைவில் எழும்பும். வெருகல், குச்சவெளிப் பக்கம் கோபுரம் தூரத்திலிருக்கும் இடங்களில் இந்த ஒரு எண் பெரிய வித்தியாசம் காட்டும்.

எல்லாம் முடிந்தபின் மறுபடி ஒன்லைனுக்கு வாருங்கள். இரவு டேட்டா சேர்ந்த பொதி வைத்திருப்பவர்கள் முதல் ஒத்திசைவை அந்த நேரத்தில் ஓடவிட்டு, கணினி தூங்கிவிடாமல் மின்சார அமைப்பை மாற்றிவிட்டுப் படுக்கலாம்.

லைன் இல்லாதபோது எழுதுதல்

எழுதிய கடிதத்துக்கு "சென்ட்" அழுத்தாமல் கொன்ட்ரோல், ஷிஃப்ட், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கடிதம் "லோக்கல் ஃபோல்டர்ஸ்" கீழுள்ள "அவுட்பொக்ஸ்" இல் போய் இருக்கும். இணைப்பு வந்ததும் "ஃபைல்" மெனுவில் "சென்ட் அன்சென்ட் மெசேஜஸ்". இதில் விழும் குழி ஒன்று உண்டு: கடிதம் போய்விட்டது என்று நினைத்துக் கணினியை மூடிவிடுவது. அவுட்பொக்ஸின் பக்கத்தில் எண் தெரிகிறதா என்று பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். எண் இருந்தால் கடிதம் இன்னும் உங்கள் மேசையில்தான்.

தமிழ் சரியாகப் போய்ச் சேர

தண்டர்பேர்ட் எல்லா மொழி எழுத்துக்கும் பொதுக் குறியீடான யூனிகோடில் அனுப்புகிறது, தமிழுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. குறை வருவது பாமினியால். எங்கள் பக்கத்து அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் அச்சகங்களிலும் கடிதம் இன்னும் பாமினியில் அடிக்கப்படுகிறது. பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துரு. வேர்டில் அழகாக நிற்கும் வரியை வெட்டி மின்னஞ்சலில் ஒட்டினால், எழுத்துரு கழன்று, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குவியல்தான் மறுமுனைக்குப் போகும். உங்கள் கணினியில் பாமினி இருப்பதால் உங்களுக்கு ஒழுங்காகத் தெரியும், அதனால் பிழை நடந்ததே தெரியாது.

தீர்வு மூன்று. பழைய உரையை யூனிகோட் மாற்றி ஒன்றில் மாற்றிவிட்டு ஒட்டலாம். அமைப்பு மாறக்கூடாத உத்தியோகக் கடிதத்தைப் பிடிஎஃப் ஆக்கி இணைக்கலாம். புதிதாக எழுதுவதை நேரடியாக யூனிகோடில் எழுதலாம். இ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் பாமினி விசை ஒழுங்கு இருக்கிறது, ஆகவே இருபது வருடம் பாமினியில் பழகிய விரலுக்குப் புதிதாக ஒன்றும் படிப்பிக்க வேண்டியதில்லை. பிறர் அனுப்பிய குவியலை வாசிக்க வேண்டுமானால், அதை அப்படியே எடுத்து லிப்ரே ஒஃபிஸில் ஒட்டி, தெரிவு செய்து, எழுத்துருவைப் பாமினி ஆக்குங்கள். கடிதம் உயிர்பெறும்.

தமிழ் எழுத்து மிகச் சிறிதாகவோ கோணலாகவோ தெரிந்தால் "செட்டிங்ஸ்", "ஜெனரல்", அதில் எழுத்துருப் பகுதியின் "அட்வான்ஸ்ட்". மேலேயுள்ள "ஃபொன்ட்ஸ் ஃபோர்" பட்டியலில் "டமில்" என்பதைத் தெரிவு செய்தபிறகே அளவை மாற்ற வேண்டும். லத்தீன் என்று நிற்கும்போது மாற்றினால் தமிழில் ஒன்றும் நடக்காது. விண்டோஸில் நிர்மலா யூஐ, லினக்ஸில் நோட்டோ சான்ஸ் டமில் இரண்டும் தெளிவானவை.

வடிகட்டிகள்

"டூல்ஸ்", "மெசேஜ் ஃபில்டர்ஸ்". அனுப்புநர் முகவரியில் முன்பதிவுத் தளத்தின் பெயர் இருந்தால் "முன்பதிவு" கோப்புறைக்கு நகர்த்து என்ற அளவில் நான்கைந்து விதி போதும். விதிகள் மேலிருந்து கீழாக ஓடும் என்பதால் குறுகியதை மேலேயும் பொதுவானதைக் கீழேயும் வையுங்கள். வடிகட்டி ஓடுவது தண்டர்பேர்ட் திறந்திருக்கும்போது மட்டுமே. கணினி மூடியிருந்தால் போனில் எல்லாம் இன்பொக்ஸிலேயே நிற்கும்.

பிரதி எடுத்தல்

அஞ்சல், முகவரிப் புத்தகம், விதிகள், கடவுச்சொற்கள் எல்லாம் "புரொஃபைல்" என்ற ஒரே கோப்புறைக்குள் இருக்கின்றன. "ஹெல்ப்" மெனுவில் "ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்" திறந்து, "புரொஃபைல் ஃபோல்டர்" வரிக்கு எதிரேயுள்ள பொத்தானை அழுத்தினால் அது திறக்கும். உபுண்டுவின் ஸ்னாப் பதிப்பில் வீட்டுக் கோப்புறைக்குள் ஸ்னாப், தண்டர்பேர்ட், கொமன் என்ற வழியில் மறைந்திருக்கும்.

1. ஒவ்வொரு பெரிய கோப்புறையிலும் வலது சொடுக்கி "கொம்பக்ட்" செய்யுங்கள். அழித்த அஞ்சல் அழித்ததாகக் குறிக்கப்படுகிறதே தவிர, இது நடக்கும்வரை கோப்பை விட்டுப் போவதில்லை.
2. தண்டர்பேர்டை முழுதாக மூடுங்கள். திறந்திருக்கும்போது எடுத்த பிரதி பாதிப் பிரதி.
3. புரொஃபைல் கோப்புறை முழுவதையும் பென் ட்ரைவுக்கோ வெளித் தட்டுக்கோ நகலெடுங்கள்.

மூன்றாவது படியில் "கோப்பு மிகப் பெரிது" என்று வந்தால் தட்டு நிரம்பியதாக எண்ண வேண்டாம். தண்டர்பேர்ட் இயல்பாக ஒரு கோப்புறையின் அஞ்சல் முழுவதையும் ஒரே கோப்பில் எழுதுகிறது, பென் ட்ரைவ்கள் பல எஃப்ஏடி32 அமைப்பில் வருகின்றன, அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு கோப்பு நுழையாது. ட்ரைவை எக்ஸ்-ஃபட் ஆக ஃபோர்மட் செய்யுங்கள். உள்ளே இருப்பதை முதலில் வேறிடத்துக்கு மாற்ற மறக்க வேண்டாம். மெனுவிலுள்ள "எக்ஸ்போர்ட்" வசதியும் உண்டு, ஆனால் அது 2 ஜிபிக்கு உட்பட்ட புரொஃபைலுக்குத்தான்.

அந்தப் பென் ட்ரைவைக் கண்டெடுப்பவர் உங்கள் கடவுச்சொற்களையும் சேர்த்தே கண்டெடுக்கிறார். "செட்டிங்ஸ்", "பிரைவசி அண்ட் செக்யூரிட்டி" பக்கத்தில் சேமித்த கடவுச்சொற்களைப் பூட்டும் "பிரைமரி பாஸ்வேர்ட்" ஒன்றை வைத்தபிறகு பிரதி எடுங்கள்.

புதிய கணினியில் திருப்பிப் போடும்போது அங்குள்ள தண்டர்பேர்ட் பழையதைவிடக் கீழான பதிப்பாக இருக்கக்கூடாது. புதிய பதிப்பில் திறந்த புரொஃபைலைப் பழையது ஏற்காது. ஒன்ட்ரைவ் போன்ற மேகக் கோப்புறைக்குள் புரொஃபைலை வைப்பதும் வேண்டாம். எழுதிக்கொண்டிருக்கும் கோப்பை அது பாதியில் பிடித்து மேலேற்றும், பிறகு இரண்டு பிரதியும் உடைந்து நிற்கும்.

மக்கர் பண்ணும்போது

கடவுச்சொல்லை மீண்டும் மீண்டும் கேட்டால்: "சேர்வர் செட்டிங்ஸ்" இல் "ஒதென்டிகேஷன் மெதட்" ஓ-ஓத் 2 தானா என்று பாருங்கள். வெளிச்செல்லும் சேவையகத்துக்கு அதே தெரிவு தனியாக, கணக்குப் பட்டியலின் ஆக அடியில் உள்ளது. அஞ்சல் வருகிறது ஆனால் போகவில்லை என்பவர்கள் மாற்ற மறந்த இடம் அதுதான். அதுவும் சரியென்றால் தண்டர்பேர்டின் "பிரைவசி" பக்கத்தில் குக்கிகளுக்கு அனுமதி இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் கூகுள் சன்னல் திறந்து வெறுமையாகவே மூடும். கடைசியாக, சேமித்த கடவுச்சொற்களில் பழைய பதிவை அழித்து மறுபடி உள்நுழையுங்கள்.

எல்லாக் கணக்கிலும் ஒரே நாளில் சான்றிதழ் பிழை வந்தால் மென்பொருளைத் தொடாதீர்கள், கணினியின் திகதியைப் பாருங்கள். பழைய கணினியில் மதர்போர்ட்டின் சிஆர்2032 பட்டரி செத்திருந்தால், கரண்ட் போய் வந்தவுடன் திகதி பல வருடம் பின்னால் ஓடும். பட்டரியை மாற்றுவதுதான் மருந்து.

கரண்ட் திடீரெனப் போனபின் ஒரு தலைப்பைச் சொடுக்கினால் வேறொரு கடிதம் திறக்கிறதா? எந்தக் கடிதம் எங்கே என்று குறித்து வைக்கும் சுட்டிக் கோப்பு உடைந்திருக்கிறது, அஞ்சல் பெரும்பாலும் பத்திரம். கோப்புறையை வலது சொடுக்கி "புரொப்பர்ட்டீஸ்", "ரிப்பெயார் ஃபோல்டர்". ஐமேப் கோப்புறை என்றால் இது சேவையகத்திலிருந்து மறுபடி இறக்கும் என்பதால் இரவு டேட்டா நேரத்துக்குத் தள்ளிப் போடுங்கள்.

இன்பொக்ஸ் முழுவதும் ஒரேயடியாக மறைந்தால் சந்தேகம் அன்டிவைரஸ் மேல். ஒரு கடிதத்தில் கிருமியைக் கண்டு, அது இருந்த கோப்பை, அதாவது முழு இன்பொக்ஸையும், சிறைப்படுத்தியிருக்கும். "குவாரன்டைன்" பட்டியலிலிருந்து மீட்டு, புரொஃபைல் கோப்புறையைச் சோதனையிலிருந்து விலக்கிவிடுங்கள்.

25 மெகாபைட் ஜிமெயிலின் வரம்பு என்று அறிந்து 22 மெகாபைட் கோப்பை இணைத்தும் திரும்பி வருகிறதென்றால் காரணம் இது: கோப்பு அஞ்சலில் பயணிக்க எழுத்தாக மாற்றப்படும்போது மூன்றில் ஒரு பங்கு பெருக்கும். 18 மெகாபைட்டைத் தாண்டிய எதையும் கூகுள் டிரைவில் ஏற்றி, இணைப்பு முகவரியை மட்டும் அனுப்புங்கள்.